எடை எந்தக் காலில்? ஜாஸ் ஃபங்க் ஆடத் தொடங்குபவர்கள் கேட்கும் கேள்விகள்

ஜாஸ் ஃபங்க் கற்க வருகிறவர்களின் கண் முதலில் போவது கை வீச்சிலும் கூந்தல் சுழற்சியிலும். தடுமாறுவதோ காலில். நான் 32 வயதில் முதல் வகுப்புக்குப் போனேன். இப்போது தொடக்க நிலை வகுப்பில் ஆசிரியருக்கு உதவியாக நிற்கிறேன். வகுப்பு முடிந்து தண்ணீர் குடிக்கும் நேரத்தில் புதியவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

ஜாஸ் ஃபங்க் என்றால் என்ன?

நீட்டி நிறுத்தும் கைகால்கள், திருப்பங்கள், உயர்ந்த உதைகள் ஆகியவை ஜாஸ் நடனத்திலிருந்து வந்தவை. துள்ளலும் இடுப்பசைவும் மார்புத் துடிப்பும் ஃபங்க், ஹிப் ஹாப் ஆட்டங்களிலிருந்து வந்தவை. இவற்றைக் கலந்து பாப் இசைக்கு ஆடுவதுதான் ஜாஸ் ஃபங்க். இசைக் காணொளிகளில் பாடகருக்குப் பின்னால் ஒரே அச்சில் வார்த்ததுபோல் ஒரு குழு ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் அந்த ஆட்டம்தான் இது.

இதை வளர்த்தெடுத்ததும் இசைக் காணொளிகளே. 1981 ஆகஸ்டில் இசைக் காணொளிகளுக்கான அமெரிக்கத் தொலைக்காட்சி எம்டிவி ஒளிபரப்பைத் தொடங்கியது. 1983இல் மைக்கேல் ஜாக்சனின் ‘பீட் இட்’, ‘திரில்லர்’ காணொளிகளுக்கு நடனம் அமைத்த மைக்கேல் பீட்டர்ஸ், நியூயார்க்கின் பிராட்வே நாடக மேடையில் பெயர் பெற்றவர். 1986இல் பாடகி ஜேனட் ஜாக்சனின் காணொளிகளுக்கு நடனம் அமைத்தவர் பாலா அப்துல். மேடையின் ஒழுங்கும் தெருவின் துடிப்பும் அந்தச் சில ஆண்டுகளில் ஒரே திரையில் சேர்ந்தன.

வேர் இன்னும் ஆழமானது. ஜாஸ் நடனம் அமெரிக்கக் கறுப்பின மக்களின் ஆட்டங்களில் பிறந்தது. அதை மேடைக்குரிய பயிற்சி முறையாக வடித்தவர்களில் முதன்மையானவர் ஜாக் கோல் (1911–1974). அவர் பரதநாட்டியம் பயின்றவர். அதன் அசைவுகளை ஸ்விங் என்னும் ஜாஸ் இசை வகையோடு இணைத்து மேடையேற்றினார். தோள் அசையாமல் கழுத்தை மட்டும் பக்கவாட்டில் நகர்த்தும் அட்டமியைத் தெரிந்தவர்கள், ஜாஸ் வகுப்பில் தலை அசைவுப் பயிற்சி வரும்போது பழகிய முகத்தைக் கண்டதுபோல் சிரிப்பார்கள்.

ஹிப் ஹாப்புக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

ஹிப் ஹாப்பில் உடல் தரையை நோக்கி இறங்கும். முழங்கால் தளர்ந்திருக்கும், மார்பு சற்று உள்வாங்கியிருக்கும். ஜாஸ் ஃபங்கில் முதுகு நிமிர்ந்திருக்கும். கை நீண்டால் விரல் நுனிவரை நீளும், அசைவு எங்கே முடிகிறது என்பது துல்லியமாகத் தெரியும். ஒரே பாடலுக்கு இரண்டையும் ஆடிப் பாருங்கள், வேறுபாடு உடலிலேயே புரிந்துவிடும். ஸ்ட்ரீட் ஜாஸ் என்ற பெயரில் நடக்கும் வகுப்புகளிலும் பெரும்பாலும் இதே ஆட்டம்தான் கற்றுத்தரப்படுகிறது. ஆகவே பெயரைப் பற்றிக் கவலைப்படாமல் ஆசிரியரின் காணொளியைப் பார்த்துச் சேருங்கள்.

முன்பே பாலே, ஜாஸ் ஏதேனும் கற்றிருக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. கற்றிருந்தால் திருப்பங்களும் உதைகளும் விரைவில் வரும். ஆனால் அவர்களுக்கும் ஒரு சிரமம் உண்டு. இடுப்பைத் தளர்த்தித் துள்ளச் சொன்னால், பல ஆண்டுகளாக நிமிர்த்திப் பழகிய உடல் விட்டுக்கொடுக்காது. ஒவ்வொருவரும் தமக்குரிய கடினமான இடத்தோடுதான் உள்ளே வருகிறார்கள்.

‘தொடக்க நிலை’ என்று தெளிவாகக் குறிப்பிட்ட வகுப்பில் மட்டும் சேருங்கள். ‘எல்லா நிலையினருக்கும்’ என்று அறிவிக்கும் வகுப்புகள் நடைமுறையில் ஓரளவு ஆடத் தெரிந்தவர்களின் வேகத்தில்தான் ஓடும்.

வயது ஒரு தடையா?

இல்லை. தொழில்முறை ஆட்டக்காரராக வேண்டுமென்றால் வயது ஒரு கணக்கு. ஆடக் கற்க வேண்டுமென்றால் அது கணக்கே இல்லை. லுய்ஜி என்ற பெயரில் அறியப்பட்ட ஜாஸ் ஆசிரியரை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். 1946இல் நேர்ந்த கார் விபத்தில் அவர் நினைவிழந்து கிடந்தார். உடலின் ஒரு பக்கம் செயலிழந்தது. தம் உடலை மீட்க அவர் தாமே வகுத்துக்கொண்ட பயிற்சிகள்தான் பின்னர் உலகெங்கும் ஜாஸ் வகுப்புகளில் பரவின. உடலை முறையாக வைத்து, சமநிலை பிடித்து, மெல்ல நீட்டுவதுதான் அவற்றின் அடிப்படை. 20 வயதினருக்கும் 50 வயதினருக்கும் அது ஒன்றேதான்.

வயதில் மூத்தவர்களுக்கு உடலைச் சூடேற்றக் கூடுதல் நேரம் தேவை. வகுப்பு தொடங்குவதற்கு 10 நிமிடம் முன்னதாக வந்து நடந்து, தோளையும் இடுப்பையும் சுழற்றித் தயாராக இருங்கள்.

ஆண்கள் ஆடலாமா?

தாராளமாக. மேலே சொன்ன ஜாக் கோலும் லுய்ஜியும் மைக்கேல் பீட்டர்ஸும் ஆண்களே.

முதல் வகுப்பில் என்னவெல்லாம் நடக்கும்?

வழக்கமாக 60 முதல் 90 நிமிடம். முதல் 15, 20 நிமிடம் உடலைச் சூடேற்றுதல்: தலை, தோள், மார்பு, இடுப்பு என்று ஒவ்வொரு பகுதியாக அசைத்தல், முழங்காலை மடக்கி நிமிர்தல், நீட்டல். அடுத்து அறையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை வரிசையாக நடைகளும் உதைகளும் திருப்பங்களும் செய்யச் சொல்வார்கள். மீதி நேரம் முழுவதும் ஒரு பாடலின் 30, 40 நொடிக்கு நடன அமைப்பு. இறுதியில் குழுக்களாகப் பிரித்து ஆடச் சொல்வார்கள். ஒரு குழு ஆட மற்றவர்கள் பார்ப்பார்கள்.

இந்தக் கடைசிப் பகுதிக்குப் பயந்து பலர் முன்னதாகவே பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். தயவுசெய்து கிளம்பாதீர்கள். கூட்டம் விலகி இடம் கிடைப்பதும், ஆசிரியர் கண்ணில் நீங்கள் தனியாகப் படுவதும் அப்போதுதான். அந்த இரண்டு நிமிடத்தில் கிடைக்கும் திருத்தம் வகுப்பு முழுவதும் கிடைக்காது.

எல்லோரும் ஒரு பக்கம் போகிறார்கள், நான் மட்டும் எதிர்ப்பக்கம் போகிறேன். ஏன்?

எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி இதுதான். அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

காரணம் நினைவாற்றல் அல்ல. உடல் எடை எந்தக் காலில் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாமல் போவதே காரணம். இந்த எட்டு எண்ணிக்கையைச் செய்து பாருங்கள். ஒன்று: வலக்கால் பக்கவாட்டில். இரண்டு: இடக்கால் அதனருகே வந்து சேர்கிறது. மூன்று: மீண்டும் வலக்கால் பக்கவாட்டில். நான்கு: இடக்கால் அருகே வருகிறது, ஆனால் முன்பாதம் மட்டும் தரையைத் தொடுகிறது. ஐந்து: அதே இடக்கால் இடப்பக்கம் போகிறது. ஆறு, ஏழு, எட்டு: அப்படியே எதிர்த்திசையில்.

இரண்டிலும் நான்கிலும் இடக்கால் வந்து சேர்கிறது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் இரண்டில் அது அடி: எடை முழுவதும் இடக்காலுக்கு மாறிவிட்டது. நான்கில் அது வெறும் தொடுகை: எடை இன்னும் வலக்காலில்தான் இருக்கிறது. நான்கில் தெரியாமல் இடக்காலில் எடையை இறக்கிவிட்டால், ஐந்தில் அந்தக் காலைத் தூக்க முடியாது. விடுபட்டிருப்பது வலக்கால். எனவே உடல் வலக்காலை எடுத்து மறுபடியும் வலப்பக்கமே போகிறது, பக்கத்தில் ஆடுபவர் மேல் மோதுகிறது. பிழை தெரிவது ஐந்தில், நடந்தது நான்கில்.

எனக்கும் இதுவே நேர்ந்தது. மூன்று வகுப்புகள் தொடர்ந்து ஒரே இடத்தில் தவறினேன். வீட்டில் கைகளை நூறுமுறை சரிபார்த்தேன். நான்காவது வகுப்பில் ஆசிரியர் பாட்டை நிறுத்திவிட்டு என் அருகே வந்து, கைகளைப் பார்க்காமல் என் பாதங்களைப் பார்த்தபடி, “எடை எந்தக் காலில் இருக்கிறது?” என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அன்று முதல் புதிய நடன அமைப்பு எதுவானாலும் அந்தக் கேள்வியை ஒவ்வொரு எண்ணிக்கையிலும் கேட்டுக்கொண்டுதான் கற்கிறேன்.

சோதிப்பது எளிது. ஒவ்வொரு எண்ணிக்கையிலும் நின்று, எடை இல்லை என்று நீங்கள் நினைக்கும் காலைத் தூக்குங்கள். உடல் சாயாமல் கால் எழுந்தால் நீங்கள் நினைத்தது சரி. சாய்ந்தால் எடை இரண்டு காலிலும் பங்கிட்டுக் கிடக்கிறது. கைகளை முழுவதுமாக விட்டுவிட்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, கால்களை மட்டும் இப்படி இரண்டு முறை ஆடி முடியுங்கள். பிறகு கைகளைச் சேர்த்தால் அவை தாமாக இடத்தில் உட்காரும்.

‘ஃபைவ், சிக்ஸ், செவன், எயிட்’ என்று எண்ணுகிறார்களே, எப்படிப் பின்தொடர்வது?

பெரும்பாலான பாப் பாடல்கள் நான்கு நான்காகத் துடிப்பவை. இரண்டு நான்குகளைச் சேர்த்து எட்டாக எண்ணுவது நடன வழக்கம். ‘ஐந்து, ஆறு, ஏழு, எட்டு’ என்பது தயாராவதற்கான அழைப்பு, ஆட்டம் அடுத்த ‘ஒன்’றில் தொடங்கும். ஆதி தாளம் போட்டுப் பழகியவர்களுக்கு எட்டு புதிதல்ல. புதிதாக இருப்பது இடையில் வரும் ‘அண்ட்’. இரண்டு துடிப்புகளுக்கு நடுவே விழும் பாதித் துடிப்பு அது. ‘கிக் பால் சேஞ்ச்’ என்ற அடிப்படை அசைவைப் பாருங்கள். ‘ஒன்’னில் வலக்கால் முன்னே உதைக்கிறது, ‘அண்ட்’டில் அதே காலின் முன்பாதம் பின்னே தரையில் ஊன்றுகிறது, ‘டூ’வில் இடக்கால் எடையை வாங்குகிறது. மூன்று அசைவு, இரண்டே துடிப்பு.

ஃபங்க் இசையில் அழுத்தம் முதல் துடிப்பில் விழும். ஃபங்க் இசையின் முன்னோடிப் பாடகர் ஜேம்ஸ் பிரவுன் தம் இசைக்குழுவினரிடம் விடாமல் வலியுறுத்தியது இதைத்தான். ஜாஸ் ஃபங்கில் ‘ஒன்’ அவ்வளவு கனமாக விழுவது அந்த மரபிலிருந்து வந்தது. பாட்டுக் கேட்கும்போதெல்லாம் ‘ஒன்’ எங்கே விழுகிறது என்று விரலால் தட்டிப் பழகுங்கள். ஆடாத நேரத்திலும் செய்யக்கூடிய நடனப் பயிற்சி இது.

அசைவுகள் எல்லாம் சரியாக இருந்தும் என் ஆட்டம் மந்தமாகத் தெரிகிறது. என்ன செய்வது?

வேகமாக அசைய வேண்டும் என்று நினைக்கிறீர்கள். நிறுத்தத் தெரிய வேண்டும்.

வலக்கையைத் தொடைப் பக்கத்திலிருந்து தோள் உயரத்துக்கு ஒரு எண்ணிக்கையில் பக்கவாட்டில் உயர்த்துங்கள். புதியவரின் கை அந்த எண்ணிக்கை முழுவதும் பயணம் செய்யும். முடியும்போதுதான் தோள் உயரத்தை அடையும், அதற்குள் அடுத்த அசைவு வந்துவிடும். பழகியவரின் கை எண்ணிக்கையின் முதல் கால்பகுதிக்குள் போய்ச் சேர்ந்துவிடும். மீதி முக்கால் பகுதி அங்கேயே நிற்கும். பார்ப்பவர் கண்ணில் பதிவது அந்த நிற்றல்தான். கை போய்ச் சேரும் கணத்தில் தோளுக்குக் கீழே முதுகுத் தசையை இறுக்கி, மூச்சைச் சட்டென்று வெளியே விடுங்கள். கை அதிராமல் நிற்கும்.

எல்லா அசைவையும் இப்படி வெட்டி நிறுத்தினாலும் இயந்திரம்போல் ஆகிவிடும். சிலவற்றை இழுத்து, தேன் வழிவதுபோல் நகர்த்தினால்தான் மற்றவற்றின் கூர்மை தெரியும். எதை வெட்டுவது, எதை இழுப்பது என்பதைப் பாட்டு சொல்லும்: முரசு விழும் இடத்தில் நில்லுங்கள், குரல் நீளும் இடத்தில் நீளுங்கள்.

ஐசோலேஷன் எனக்கு வரவே இல்லை. எப்படிப் பழகுவது?

ஐசோலேஷன் என்பது ஒரு பகுதியை மட்டும் அசைத்து மற்றதை அசையாமல் வைப்பது. கடினமான பாதி அந்த ‘அசையாமல் வைப்பது’. மார்பைப் பக்கவாட்டில் நகர்த்தும்போது இடுப்பும் கூடவே போகிறது என்றால், ஒரு நாற்காலியின் விளிம்பில் நிமிர்ந்து உட்கார்ந்து செய்யுங்கள். நாற்காலி இடுப்பைப் பிடித்துக்கொள்ளும், விலாக்கூடு மட்டும் நகர்வது என்றால் என்ன என்று உடலுக்குப் புரியும். வலம், நடு, இடம், நடு. பிறகு முன், நடு, பின், நடு. ஒவ்வொரு முறையும் நடுவுக்குத் திரும்பி வருவதைத் தவறவிடாதீர்கள். நாள்தோறும் 5 நிமிடம் போதும். இரண்டு மூன்று வாரத்தில் நின்றுகொண்டும் செய்யத் தொடங்கலாம்.

என்ன உடை, என்ன காலணி?

முழங்கால் மடங்குவதும் இடுப்பு அசைவதும் ஆசிரியருக்குத் தெரியும் எந்த உடையும் சரி. தரையில் முழங்காலிட்டுச் சரியும் அசைவுகள் உண்டு, ஆகவே மெத்தென்ற முழங்கால் உறை வாங்கிக்கொள்ளுங்கள்.

காலணியில் கவனம் வேண்டும். ஓடுவதற்கான காலணியின் அடிப்பகுதி தரையைக் கவ்விப் பிடிக்கும். திருப்பம் எடுக்கும்போது உடல் திரும்ப, பாதம் திரும்பாமல் நிற்க, அந்த முறுக்கம் முழுவதும் முழங்காலில் இறங்கும். அடிப்பகுதி தட்டையாகவும் இலேசாகவும் உள்ள ஸ்னீக்கர் அல்லது ஜாஸ் ஷூ நல்லது. வெறும் காலுறை வழுக்கும், வேண்டாம்.

குதிகால் உயர்ந்த ஹீல்ஸ் அணிந்து ஆடுவது பலருடைய கனவு. முதல் ஆறு மாதம் அதைத் தள்ளி வையுங்கள் என்பது என் கருத்து. தட்டைக் காலணியில் ஒரு காலில் 10 நொடி அசையாமல் நிற்க முடியாதவர் ஹீல்ஸ் அணிந்து திரும்பினால் கணுக்கால் பிசகும்.

வீட்டிலிருந்தே காணொளி பார்த்துக் கற்கலாமா?

தொடங்கலாம். வேகத்தை 0.75 அல்லது 0.5 ஆகக் குறைத்துப் பார்க்கும் வசதியைத் தயங்காமல் பயன்படுத்துங்கள். காணொளி கண்ணாடிப் பிம்பம்போல் திருப்பப்பட்டதா என்பதை முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் ‘வலது’ என்னும்போது திரையில் அவருடைய எந்தக் கை எழுகிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும். ஆசிரியர் முதுகைக் காட்டி ஆடும் காணொளிகள் புதியவர்களுக்கு எளிது.

காணொளி உங்களைத் திருத்தாது. அந்தக் குறையைப் பாதியாவது தீர்க்க, உங்களைக் கைப்பேசியில் பதிவு செய்து பாருங்கள். முதல் பதிவைப் பார்க்க மனம் கூசும். பாட்டை அணைத்துவிட்டு, பாதங்களை மட்டும் ஒருமுறை, தோள்களை மட்டும் ஒருமுறை என்று பாருங்கள். முகத்தைப் பார்க்காதவரை கூச்சம் வேலையாக மாறிவிடும்.

எந்த வலி இயல்பானது, எந்த வலியில் நிறுத்த வேண்டும்?

வகுப்புக்கு மறுநாள் தொடையும் கெண்டைக்காலும் கனத்து வலிப்பது பழகாத தசையின் வலி. இரண்டு மூன்று நாளில் தணியும், இலேசாக நடந்தால் விரைவில் குறையும். மூட்டுக்குள் குத்தும் வலி, வீக்கம், ஒரு பக்கம் மட்டும் தொடர்ந்து வரும் வலி, மரத்துப்போதல் ஆகியவை வேறு. உடனே நிறுத்தி மருத்துவரிடம் காட்டுங்கள். ஏற்கெனவே முழங்கால், முதுகு, இதயத் தொல்லை உள்ளவர்கள் சேர்வதற்கு முன்பே மருத்துவரைக் கேட்டுவிடுவது நல்லது.

தரையை யாரும் நினைப்பதில்லை. நல்ல நடன அறையின் மரத்தரை அடியில் சற்று நெகிழும்படி அமைக்கப்பட்டது. குதிக்கும்போது அதிர்ச்சியைத் தானும் வாங்கிக்கொள்ளும். சிமென்ட், ஓட்டுத் தரை எதையும் வாங்காது. நான் தொடக்கத்தில் இரண்டு வாரம் அப்படிப்பட்ட தரையில் குதித்துப் பயின்றேன். காலின் முன்னெலும்பை ஒட்டி வலி வந்து, ஒரு மாதம் எல்லாவற்றையும் நிறுத்த வேண்டியதாயிற்று. கடினத் தரையில் குதிக்காதீர்கள்; அந்த இடங்களில் அடி மட்டும் வைத்துப் பயிலுங்கள். எந்தத் தரையானாலும் முழங்கால் மடங்கும்போது அது பாதவிரல்கள் நோக்கும் திசையிலேயே மடங்கட்டும், உள்ளே சாய விடாதீர்கள்.

அசையாமல் பிடித்து நீட்டும் பயிற்சிகளை வகுப்புக்குப் பின் வைத்துக்கொள்ளுங்கள். முன்பு செய்ய வேண்டியது வீசுதல், சுழற்றுதல், நடத்தல்.

கூந்தலைச் சுழற்றுவது கழுத்துக்கு நல்லதா?

கழுத்தால் சுழற்றினால் நல்லதல்ல. மார்பும் முதுகும் முதலில் வளைந்து தலையை இழுத்துச் செல்ல வேண்டும், கூந்தல் கடைசியாக வந்து சேரும். தலையைப் பின்னால் மட்டும் திடீரென்று தூக்கி எறியாதீர்கள். தலைசுற்றல், கழுத்துத் தேய்மானம் உள்ளவர்கள் இதை விட்டுவிட்டுத் தலையைச் சட்டென்று பக்கவாட்டில் திருப்பினாலே அழகாக இருக்கும்.

வகுப்பில் கற்றது வீட்டுக்கு வருவதற்குள் மறந்துவிடுகிறது.

வகுப்பு முடிந்த அரை மணி நேரத்துக்குள் ஒருமுறை முழுதாக நினைவில் ஓட்டிப் பாருங்கள். எழுந்து ஆட வேண்டியதில்லை, உட்கார்ந்தபடி விரல்களால் குறித்துக்கொண்டாலும் போதும். அசைவுகளுக்கு நீங்களே பெயர் வைத்துக்கொள்ளுங்கள்: ‘கதவைத் திற’, ‘தூசியைத் தட்டு’, ‘திரும்பிப் பார்’. எண்ணைவிடப் பெயர் நினைவில் நிற்கும். வகுப்பிலேயே ஒருமுறையேனும் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி ஆடிப் பாருங்கள். முன்னால் இருப்பவரைப் பார்த்து ஆடியது எது, உங்களுக்கே தெரிந்தது எது என்பது அந்த ஒரு நிமிடத்தில் பிரிந்துவிடும்.

முகபாவம் காட்டக் கூச்சமாக இருக்கிறது.

முதல் மாதம் முகத்தை விட்டுவிடுங்கள். கண்ணை மட்டும் கவனியுங்கள். தரையைப் பார்க்காமல், கண்ணாடியில் உங்கள் கண் மட்டத்தைப் பார்த்து ஆடுங்கள். தலை நிமிரும், தோள் விரியும், பாதித் தன்னம்பிக்கை அதிலேயே வெளியே தெரியும். அசைவு உடலில் ஊறிய பிறகு முகம் தானாகப் பேசத் தொடங்கும். புருவத்தை உயர்த்து, உதட்டைச் சுழி என்று தனியாகக் கற்றுக்கொள்ளும் பாவம் ஒட்டவைத்ததுபோலவே இருக்கும்.

எத்தனை மாதத்தில் நன்றாக ஆடுவேன்?

வாரம் இரண்டு வகுப்பு, நாள்தோறும் 15 நிமிடம் வீட்டுப் பயிற்சி என்று வைத்துக்கொண்டால், நான் பார்த்தவரை மூன்று மாதத்தில் எண்ணிக்கை பிடிபடுகிறது, ஆறு மாதத்தில் கால் குழம்புவது குறைகிறது. ஒரு வருடம் ஆனால், புதிய அமைப்பைப் பார்த்த மாத்திரத்தில் பாதி பிடித்துக்கொள்கிறார்கள். வாரம் ஒருமுறை மட்டும் வருபவர்களுக்கு இதைவிட நீளும், ஆனாலும் வரும்.

கற்ற நடனத்தை இணையத்தில் பதிவிடலாமா?

ஆசிரியரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, நடனம் அமைத்தவர் பெயரைக் குறிப்பிட்டுப் பதிவிடுங்கள். நடன அமைப்பு ஒருவருடைய படைப்பு. பாடகி பியான்சேயின் ‘சிங்கிள் லேடீஸ்’ காணொளி 2008இல் வந்தது. அதன் நடனத்தை அமைத்தவர்களில் ஒருவரான ஜாக்வெல் நைட், அந்த அமைப்புக்கு அமெரிக்காவில் பதிப்புரிமைப் பதிவு பெற்றது 2020இல்தான். இடைப்பட்ட 12 ஆண்டுகளில் உலகமெங்கும் எத்தனையோ பேர் அதை ஆடினார்கள். அவர்களில் பெரும்பாலானோருக்கு அவர் பெயர் தெரிந்திருக்காது. உங்கள் பதிவின் முதல் வரியிலேயே உங்கள் ஆசிரியரின் பெயர் இருக்கட்டும்.